வலக்கண் செய்த நக்கல்

“‘நான் ஒவ்வொரு வார்த்தை பேசும்போதும் பொண்ணோட அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி நக்கல் பண்றாங்க, பெரியவங்கன்னு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா, இந்த மாதிரி வீட்டுல எப்படிங்க சம்பந்தம் பேசறது?’ இதுதாண்ணே மாப்பிள்ளையோட அம்மா சொன்னது. ஒரு எழுத்து நான் கூட்டலை, ஒரு எழுத்து குறைக்கலை” என்று தங்கை மங்கையின் குரல் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் ஹால் முழுக்கக் கேட்டது. போனில் ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று கதிரேசனுக்கு இன்றைய தேதி வரைக்கும் தெரியாது. ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் இன்னொரு கண்ணால் வத்சலாவை ஏற இறங்கப் பார்த்தார், நக்கல் பண்ணும் கண் எது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்.

“நக்கல்தான் பண்ணினேன்னு சொல்லுங்க” என்றாள் வத்சலா. “ஆமாம், எனக்கு வாய்க்கொழுப்பு, கண்கொழுப்பு எல்லாம் உண்டுன்னு சொல்லுங்க. தாமரைச்செல்வியம்மா கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கவும் தயார்னு சொல்லுங்க. ஆனா கண்ணுல வியாதின்னு மட்டும் வாயைத் திறந்தீங்க…”

“எதுக்கு வத்சலா பொய்?”

“எம் பொண்ணு கல்யாணம் நடக்க நான் திமிர் பிடிச்சவளா இருந்துட்டுப் போறேன். அம்மா திமிர் பிடிச்சவன்னா பொண்ணைக் கட்டிக்குவாங்க. அம்மாவுக்கு நரம்புக் கோளாறுன்னா நாளைக்குப் பொண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும்னு கதவைச் சாத்திடுவாங்க. இதுகூடத் தெரியாம எப்படித்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினீங்களோ.”

“அண்ணி, நான் லைன்லதான் இருக்கேன்” என்றாள் மங்கை, சின்னக் குரலில். “சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லணும். மிருணாவுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

அதற்குள் நர்ஸ் பெண் மருந்துக் குப்பியோடு வந்துவிட்டாள். “யம்மா, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், அண்ணாந்து பாருங்க” என்று தாடையைத் தூக்கி, இரண்டு கண்ணிலும் சொட்டுவிட்டாள். பச்சை மிளகாய் நறுக்கிய கையால் தொட்டதுபோல எரிந்தது. “கூப்பிடற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது. பேசலாம், சிரிக்கலாம். அழக் கூடாது, அழுதா மருந்து வெளியே வந்துடும், மறுபடி ஊத்தணும்.” பக்கத்து நாற்காலி முனகியது. கதிரேசன் எழுந்துவிட்டார். “நான் வெளியில போய்ப் பேசிட்டு வந்துடறேன்” என்றார். “என்னன்னு பேசுவீங்க?” என்று வத்சலா கேட்டாள். நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாமல் பையை வைக்கும் சத்தம், அப்புறம் அந்தச் செருப்பின் சத்தம், ஒரு கால் கொஞ்சம் தேய்த்துத் தேய்த்து, வாசல் பக்கமாகப் போய்த் தெருச் சத்தத்தில் கரைந்தது.

இருட்டு என்று சொல்ல முடியாது, மூடிய கண்ணுக்குள் டியூப்லைட் வெளிச்சம் தக்காளிச் சாறு மாதிரி ஊறிக்கொண்டிருந்தது, அந்தச் சிவப்புக்குள்ளே வலது இமை மட்டும் தன் வேலையைத் தொடங்கியது, படக், படக், பிறகு ஒரு மூச்சு நிறுத்தம், பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. சனியனே, மூடின கடைக்கு என்ன வியாபாரம் என்று அவள் மனசுக்குள் திட்டினாள். அது கேட்கவில்லை. அவள் வீட்டில் அவள் பேச்சைக் கேட்காத ஒரே ஜீவன் இந்த இமைதான் என்று ஒருமுறை மகள் மிருணாளினி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், வத்சலாவும் சிரித்தாள், சிரிக்கும்போது வாய் ஓரம் சரியாகத்தான் இருந்ததா என்று உடனே குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். அதற்கு முன் எந்தக் கண்ணாடியையும் அவள் சந்தேகித்ததில்லை. கான்வென்ட்டில் படித்த காலத்தில் இமைக்காமல் பார்க்கும் போட்டியில் அவளை அடிக்க ஆள் கிடையாது, சாப்பாட்டு வேளையில் வேப்ப மரத்தடியில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள், ஹில்டா என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் பச்சைக் கண்ணை வைத்துக்கொண்டு நெடுநேரம் தாக்குப்பிடிப்பாள், கடைசியில் அவள் கண்ணிலும் தண்ணீர் முட்டும், வத்சலாவின் கண் மட்டும் பல்லி மாதிரி அப்படியே நிற்கும். சிஸ்டர் பெர்பெச்சுவா இதைப் பார்த்துவிட்டுத் தண்டிக்கவில்லை, பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார், “கேர்ள்ஸ், சபையைப் பார்த்துப் பேசும்போது கண் ஓடக் கூடாது, கண் ஓடினால் பொய் சொல்கிறாய் என்று அர்த்தம், லுக் அட் வத்சலா” என்று. கண் ஓடினால் பொய். அந்தக் கண்தான் இன்றைக்கு இவ்வளவு ஓட்டம் ஓடுகிறது. அந்தக் கண்ணால்தான் மாமியாரை மடக்கினாள், ரேஷன் கடைக்காரனை மடக்கினாள், மகளுக்கு மார்க் குறைத்த கணக்கு வாத்தியாரை மடக்கினாள், கதிரேசனை மடக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அவர் பிறக்கும்போதே மடித்து வைத்த வேட்டி மாதிரிப் பிறந்தவர். மடித்து வைத்த வேட்டி இன்று காலையில் டாக்டர் அறையில் பிரிந்ததை நினைத்தால் இப்போதும் எரிகிறது. இது மருந்து எரிச்சல் இல்லை.

டாக்டர் சின்னப் பெண், மிருணாவைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம், ஆனால் விரல் எவ்வளவு நிதானம், இமையை மேலே தூக்கிக் கீழே இழுத்து லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சரியாகத் தூக்கம் இல்லையா, நிறையக் காபி குடிப்பீர்களா, போனை ராத்திரியில் முகத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பீர்களா, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துமா, வீட்டில் ஏதாவது கவலையா. “கவலையா? பொண்ணுக்குக் கல்யாணம் பார்த்துக்கிட்டிருக்கேன், கவலைப்படாம கர்பா டான்ஸ் ஆடவா?” என்று வத்சலா கேட்டதற்கு அந்தப் பெண் கோபிக்காமல் சிரித்தாள். “அம்மா, இமை துடிக்கிறதுல நூத்துக்குத் தொண்ணூறு இதனாலதான். அசதி, காபி, டென்ஷன், கண்ணு காயறது. அதுவா வரும், கொஞ்ச நாள்ல அதுவா போகும். ரெண்டு மூணு வாரத்தைத் தாண்டினாத்தான் எங்ககிட்ட வரணும். இல்லேன்னா, இமை தானா இறுக்கி முழுசா மூடிக்கிட்டாலோ, தொங்கிப்போனாலோ, கண்ணு செவந்து பீளை தள்ளினாலோ, துடிப்பு கன்னம், வாய்னு கீழே இறங்கினாலோ வாரக் கணக்கெல்லாம் பார்க்காம ஓடி வரணும். உங்களுக்குக் கீழே இறங்குதா?” வத்சலா அந்தப் பெண்ணின் கண்ணை நேராகப் பார்த்து, சிஸ்டர் பெர்பெச்சுவா பெருமைப்படும்படியாக, இல்லை என்றாள். அவள் பொய் சொல்லி முடித்த அந்த இடத்தில், பின்னால் ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர் தொண்டையைச் செருமினார். “இறங்குதுங்க டாக்டர்” என்றார். “போன வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது பார்த்தேன். கண்ணு மூடறப்போ வாய் ஓரமும் கூட இழுக்குது. வலப்பக்கம்.” யாரைக் கேட்டுப் பார்த்தார், சாமி கும்பிடும்போது சாமியைப் பார்க்காமல் பெண்டாட்டி வாயைப் பார்க்கச் சொல்லி எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை அவள் பூஜை அலமாரிக்கு முன் நின்று கற்பூரம் காட்டும்போது உதட்டை யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி இருந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தும்மல் என்று நடித்தாள். “தும்மினா கையில கற்பூரத்தட்டை வச்சுக்கிட்டுத் தும்மக் கூடாது” என்றுகூட அவளே சொல்லிக்கொண்டாள். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். தட்டை வாங்கிக்கொண்டது அதனால்தானா.

டாக்டர் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அதுதான் பயமாக இருந்தது, எழுதிக்கொண்டே பேசுகிற வரைக்கும் டாக்டர்கள் ஆபத்தில்லாதவர்கள். “அப்படின்னா நரம்பு டாக்டரையும் பார்த்துடுவோம். உள்ளே ரத்தக் குழாய் ஒண்ணு முகத்து நரம்பை உரசிக்கிட்டு இருக்கலாம், ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுடும். பயப்படற விஷயம் இல்லைம்மா. ஊசி இருக்கு, அடக்கிடலாம். ஆனா தள்ளிப்போடாதீங்க. அதுக்கு முன்னால நான் கண்ணை உள்ளே வரைக்கும் ஒரு தடவை பார்த்துடறேன், சொட்டு மருந்து விட்டுட்டு உக்காருங்க.” பயப்படற விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்கேன் என்கிறார்கள், ஒரு கையால் தொட்டிலை ஆட்டி இன்னொரு கையால் கிள்ளுகிற கதை. உரசும் ரத்தக் குழாய். இவ்வளவு நாளாக உள்ளே ஒருத்தி உரசிக்கொண்டிருக்கிறாள், வாசலுக்கு வந்து இவள் பேரில் கண்ணடிக்கிறாள். விசாலம் சித்திக்கும் இப்படித்தான் உரசியிருக்குமோ. நினைக்கக் கூடாது என்று எட்டு நாளாகக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிற நினைப்பு அது, கண்ணை மூடினதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. சித்திக்கு வலது கண் துடித்தது. ஆம்பிளைக்கு வலது, பொம்பளைக்கு இடது, மாறித் துடித்தால் கெட்ட சேதி வரும், வீடே காத்திருந்தது, பம்பாயில் இருந்த மாமாவுக்குத் தந்தி அடித்து நலம் விசாரித்தார்கள், துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டார்கள், சித்தப்பா லாரியில் போகிற வேலையையே ஒரு மாசம் நிறுத்தினார். சேதி வெளியூரிலிருந்து வரும் என்று தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள், சேதி சித்தியின் முகத்துக்கே நேராக வந்து, கன்னத்தில் இறங்கி, வாயில் உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் எப்போதும் இழுத்து இழுத்து விடும். யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, சகுனத்துக்கு எந்த டாக்டர் மருந்து கொடுப்பான். சித்தி அப்புறம் கல்யாணம் காட்சிக்கு வரவில்லை, வந்தால் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பாள், போட்டோவில் பாதிச் சித்திதான் இருப்பாள். ஊசி இருக்கு, அடக்கிடலாம். அந்தச் சின்னப் பெண் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். அப்போது இருந்ததோ இல்லையோ, கேட்டால்தானே இருக்கும். இவளும்தான் என்ன செய்தாள், கான்வென்ட்டில் படித்து இங்கிலீஷில் கவிதை ஒப்பித்து, மாசி கடைசியில் கண் துடிக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக் கோமளாவிடம் எந்தக் கண்ணுக்கு என்ன பலன் என்று கேட்கவில்லையா. பங்குனி முடியப் போகிறது, இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள், அதுவும் பொடி வாங்கக் கடைக்குப் போகலாம் வா என்று ஆட்டோவில் ஏற்றி இந்த வாசலில் இறக்கிவிட்ட அந்த மனிதரால்.

காபிப் பொடி. காபி நிறையக் குடிப்பீர்களா என்று கேட்டாளே, எங்கே குடித்தாள், இந்த ஒரு மாசமாக அந்த வீட்டில் காபி என்ற ஒன்று இருந்தால்தானே. விடிகாலையில் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடப் போகிற உத்தியோகம் கதிரேசனுக்கு, அதனால் கல்யாணமான நாளிலிருந்து முதல் காபி அவர் கைக்காபிதான், அந்த ஒரு விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது, அவளே சொன்னதில்லை, டபராவில் ஊற்றி ஆற்றும்போதே வாசனை படுக்கையறை வரை வந்து தோளைத் தட்டி எழுப்பும். அந்தக் காபி மாசி கடைசியிலிருந்து திடீரென்று கழுநீராகப் போயிற்று. முதல் நாள் பொடி சரியில்லை என்றாள். இரண்டாம் நாள் ஃபில்டர் அடைப்பு என்றாள். அப்புறம், “முனிசிபாலிட்டி தண்ணியை முழுக்க நம்ம டம்ளர்லதான் திறந்து விடுறீங்களா?” என்று கேட்டாள். “வயசாயிடுச்சு வத்சலா, கை கணக்கு தப்புது” என்றார். கை கணக்குத் தப்புகிற ஆளா அவர். சாயங்காலக் காபியையும் அவரே போடுகிறேன் என்று அடுப்படிக்குள் வந்து நின்றாரே, எதற்கு. அவள் பகலில் மூன்றாவது காபி போடப் போனால் பால் தீர்ந்திருக்கும், மூன்று நாளில் ஒரு நாளாவது தீர்ந்திருக்கும், தயிருக்கு உறை ஊற்றிவிட்டேன் என்பார், அவர் எந்தக் காலத்தில் தயிருக்கு உறை ஊற்றினார். அசதி, காபி, டென்ஷன், கண்ணு காயறது. இமை படக்கென்று ஒருமுறை துடித்தது, ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி. இரு, கொஞ்சம் இரு. போன் சார்ஜர். ராத்திரி படுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களின் சொந்தபந்தம் எல்லாரையும் போனில் தோண்டித் தோண்டிப் பார்ப்பாள், பாதியில் சார்ஜ் தீரும், சார்ஜரைக் காணோம், எங்கே என்று கத்தினால் கூடத்தில் இருந்து நிதானமாக வரும் பதில், “ஆபீஸ்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன்.” ஒரு நாள் மறக்கலாம். வாரம் முழுக்க மறக்கிறவனை ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவள் மங்கையிடமே போனில் சொல்லி அழுதாள், மங்கை, “அண்ணன் மறதிக்காரர் இல்லையே அண்ணி” என்றாள், அப்போதுகூட உறைக்கவில்லை. டேபிள் ஃபேனை அவள் முகத்துக்கு நேரே வைத்தால் நடு ராத்திரியில் அது சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும். அப்புறம் அந்த ஈரத் துணி. அய்யோ, அந்த ஈரத் துணி. மத்தியானம் அவள் சாய்ந்து படுக்கிற நாற்காலியின் கைமேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார், கை பட்டதும் அவள் துள்ளி எழுந்து, “ஈரத்துணியைப் போடறதுக்கு இந்த வீட்டுல கொடியே இல்லையா, நாற்காலிக்கு ஜுரமா அடிக்குது ஒத்தடம் குடுக்க?” என்று கத்தினாள். அவர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் வைத்திருந்தார். மறுநாளும் அவள் கத்தினாள்.

எங்கே கேட்டுக்கொண்டாரோ, மருந்துக்கடையிலோ, மகளிடமோ, அவர் கேட்டால் யாருக்கும் தெரியாது, கேட்பதுதான் அவர் தொழில். தார் ரோட்டில் கம்பி ஒன்றை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்பார், லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டார், கல்யாணமான புதிதில் பஸ்ஸிலிருந்து அவள் அதைப் பார்த்துவிட்டுக் கூட இருந்த சிநேகிதியிடம் தன் புருஷன் என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வீட்டுக்கு வந்து, “பூமாதேவிக்கு நாடி பார்க்கிற டாக்டர் வந்துட்டாரு” என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இருபத்தேழு வருஷமாக அசடு என்று நினைத்திருக்கிறாள். இவளிடம் நேராக வந்து, வத்சலா காபியைக் குறை, சீக்கிரம் தூங்கு, போனைப் பார்க்காதே என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கே தெரியாதா, வீம்புக்கு இன்னொரு டம்ளர் ஸ்ட்ராங்காகப் போட்டு அவர் முன்னால் நின்று குடித்திருப்பாள். இந்த உலகத்தில் அவளுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டுமானால் அவளுக்குத் தெரியாமல், அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் செய்ய முடியும் என்று ஒரு மனிதர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், கண்டுபிடித்ததையும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் தன்னைத்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சாமர்த்தியம் என்றால் இதல்லவா சாமர்த்தியம், திட்டுகிறவளின் திட்டுக்குள்ளேயே மருந்தைக் கலந்து கொடுக்கிற சாமர்த்தியம். சிஸ்டர் பெர்பெச்சுவாவுக்கு இது தெரியாது, கண்ணை நேராகப் பார்ப்பதுதான் பெரிசு என்று சொல்லிக்கொடுத்தார், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தானோ. புதுக்கோட்டையிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள், தாமரைச்செல்வியம்மா சோபாவில் நடுவில் உட்கார்ந்து, கழுத்தில் மூன்று வடம் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, “எங்க வீட்டுல ஆடம்பரம்னாலே யாருக்கும் பிடிக்காதுங்க” என்றார். வலது இமை படக். வத்சலா ஒன்றுமே செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை, ஆனால் அதைவிடக் கச்சிதமாக அவளாலேயே ஒரு பதில் சொல்லியிருக்க முடியாது. “சீர்வரிசைன்னு நாங்க வாயைத் திறந்தே கேக்க மாட்டோம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யாமலா இருக்கப் போறீங்க” என்றார், படக், படக். “எம் புள்ளை இன்னிவரைக்கும் அம்மா பேச்சைத் தட்டினதில்லை” என்றபோது கண் முழுசாக மூடிக்கொண்டது, திறக்கவே சற்று நேரமாயிற்று, எதிரில் அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடித்தான், சிரிப்பை அடக்குகிறவன் முகம் அவளுக்குத் தெரியும். நல்ல பையன். குடித்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வந்து உள்ளே வைத்தான், “அம்மா, டம்ளரை அவரே கொண்டுவந்து வச்சாரும்மா” என்று மிருணா சொன்ன குரலில் இருந்த ஒரு குழைவு, அந்தக் குரலுக்காகத்தான் இன்று தாமரைச்செல்வி காலில் விழவும் தயாராக இருக்கிறாள். அந்தக் கூத்துக்கு நடுவில்தான் கதிரேசன் தன் பிரம்பு நாற்காலியை விட்டு எழுந்து, எதையோ தேடுகிறவர் மாதிரி இரண்டு எட்டு வைத்து, அவளுக்கு வலப்பக்கத்தில் கிடந்த குட்டை முக்காலியில் வந்து உட்கார்ந்தார், முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வர, சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பெரிய ஆள் உட்கார்ந்த மாதிரி. “நாற்காலி காலியா இருக்கே, இங்க எதுக்கு வந்து அடைச்சுக்கிட்டு?” என்று பல்லைக் கடித்தாள். “இங்க காத்து நல்லா வருது” என்றார். அந்த மூலைக்கு எந்தக் காற்று வந்தது. காற்றே வராத மூலை அது, அதற்காகத்தான் அங்கே ஊறுகாய் ஜாடியை வைப்பது வழக்கம். அவர் உடம்பை நீட்டி, சம்பந்தியம்மாவுக்கும் அவள் வலது கண்ணுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, காற்று நல்லா வருது என்று சொல்லி, வியர்க்க வியர்க்க அவர்கள் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்தார். அவர்கள் போனதும் அவள் என்ன சொன்னாள். “நாலு பேர் வந்தா கௌரவமா உக்காரக்கூடத் தெரியலை” என்றாள்.

கண்ணுக்குள் சூடாக ஏதோ திரண்டது. மருந்துதான், அவள் அழவில்லை, அழுதால் மறுபடி ஊற்றுவார்கள். படக் என்றது. இந்தத் தடவை துடிப்பு கன்னத்தைத் தாண்டி உதட்டு ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது, நன்றாகத் தெரிந்தது, மூடிய கண்ணுக்கு எல்லாம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. வாயைப் பொத்தக் கை தானாக எழுந்தது, முந்தானை நுனி பல்லுக்கு வந்துவிட்டது, விசாலம் சித்தியின் முந்தானை. பல்லிலிருந்து அதை எடுத்தாள். எதற்குப் பொத்துவது, பார்க்க வேண்டியவர் போன வெள்ளிக்கிழமையே பார்த்தாகிவிட்டது, பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார், ஓடிப்போய்விடவில்லை. அந்தப் பையனும்தான் பார்த்தான், சிரிப்பை அடக்கினான், டம்ளரை எடுத்துவைத்தான். இப்போது வாசலில் நின்று இவர் யாரிடம் என்ன பேசிக்கொண்டிருப்பார். திமிர் பிடித்தவள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றா. அவர் நாக்கில் அது வராது, அவளைப் பற்றி வெளியில் ஒரு குறை சொல்லி அவர் பழகவில்லை, அவளே கெஞ்சிக் கேட்டும் வரவில்லையே. திமிர் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டால் நாளைக்கு ஊசிக்குப் போவதை எங்கே ஒளிப்பது, கல்யாணத்தன்று எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்பது, மகள் கழுத்தில் தாலி ஏறுகிற போட்டோவில் பாதி அம்மாவாகவா நிற்பது. கதவைச் சாத்துகிறவர்கள் இன்றைக்கே சாத்தட்டும். சாத்தாதவர்கள் வீட்டுக்கே மிருணா போகட்டும். இதைச் சொல்ல வேண்டும், அவர் அங்கே தவறாக எதையாவது பேசி முடிப்பதற்குள் சொல்ல வேண்டும், ஆனால் கண்ணைத் திறக்கக் கூடாது, எந்தப் பக்கம் வாசல் என்றுகூட இப்போது தெரியவில்லை.

கையை நீட்டி வலப்பக்கத்து நாற்காலியைத் தடவினாள். ஆள் இல்லை. ஜவுளிக்கடை மஞ்சள் பை, இரண்டு பக்கக் காதையும் சேர்த்து ஒரு முடிச்சு, அவர் போடும் முடிச்சு, இழுத்தால் அவிழும். உள்ளே உருண்டையாகச் சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது, ஃபிளாஸ்க். அதன்மேல் நாலாக மடித்த கைக்குட்டை. பொடி வாங்கக் கடைக்குப் போகிறவருக்கு வெந்நீர் ஃபிளாஸ்க் எதற்கு. அவள் கையை அதன்மேல் அப்படியே வைத்துக்கொண்டாள். ஹாலில் யாரோ டோக்கன் கூப்பிட்டார்கள், ஒரு குழந்தை சொட்டு மருந்துக்கு முன்பே அழத் தொடங்கியது, ஒற்றைக்கண் பெரியவர் இருமினார். எல்லாச் சத்தத்துக்கு நடுவிலும் அந்தத் தேய்க்கும் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தாள், கம்பி வைத்துக் கேட்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக் கேட்டாள். வரவில்லை. வந்து எதிரில் நின்றால் இதை அவளால் சொல்ல முடியாது என்பதும் தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் வாயில் வேறு வார்த்தைதான் வரும், அது அவள் வாயின் பழக்கம். அதனால் யாருமில்லாத நாற்காலிப் பக்கம் முகத்தைத் திருப்பி, பையிடம் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“என்னங்க… அவங்ககிட்ட உள்ளதை உள்ளபடியே சொல்லிடுங்க. நரம்பு டாக்டர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க, என்னைக் கேட்டா நான் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வேன். அப்புறம் நாளைக்குக் காலையில அந்தத் தண்ணிக் காபியே போடுங்க. நான் கத்துவேன், கண்டுக்காதீங்க. எனக்குத் தெரியாத மாதிரியே போடுங்க.”